நடக்கலாம், உட்காரக் கூடாது

செருப்பைக் கழற்று என்று யார் சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று ஏறும். ஏன் என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாங்காங்கில் ஒரு பெரிய வங்கியின் காலடியில் வைத்து ஒரு பெண் அப்படிச் சொன்னாள். அன்று தொடங்கிய விவாதம் எனக்குள் இன்னும் முடியவில்லை.

வீட்டுவேலைத் தொழிலாளர் கூட்டம் ஒன்றுக்காகப் போயிருந்தேன். ஒரு நாள் ஓய்வு. ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் தலைமைக் கட்டிடத்தைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1985ல் முடிந்தது. உயரம் சுமார் 180 மீட்டர். வெளியே எட்டு எஃகுத் தூண்தொகுதிகள், அவற்றில் ஊஞ்சல் மாதிரி மாடிகள் தொங்குகின்றன. நடுவில் தாங்குதூண் இல்லாததால் கீழ்த்தளம் முழுக்கத் திறந்தவெளி. சுவரில்லை, கதவில்லை. இந்தத் தெருவில் நுழைந்து அந்தத் தெருவில் வெளியேறலாம். தலைக்கு மேலே வளைந்த கண்ணாடி வயிறு, அதைத் துளைத்துக்கொண்டு மேலேறும் நகரும் படிக்கட்டுகள். அழகான கட்டிடம்தான். வங்கி என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. நல்ல வேலைப்பாட்டை ரசிக்கிற உரிமையை நாம் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடவில்லை.

ஆனால் அன்றைக்கு மேலே பார்க்க விடாமல் கீழே சனம். ஆயிரக்கணக்கில் பெண்கள். பெரும்பாலும் பிலிப்பைன்ஸ்காரர்கள், வீட்டுவேலைக்கு வந்தவர்கள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்து, சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு அட்டைச் சுவர் வைத்து, சோறு பங்கிட்டுக்கொண்டு, சீட்டாடிக்கொண்டு, ஒருத்திக்கொருத்தி முடி வெட்டிக்கொண்டு, ஊரிலிருக்கும் பிள்ளைகளிடம் செல்போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு. வாரத்தில் ஒருநாள் ஓய்வு சட்டப்படி உண்டு. ஆனால் 2003லிருந்து முதலாளி வீட்டிலேயே தங்கவேண்டும் என்பதும் விதி. வேலை செய்கிற வீட்டில் ஓய்வுநாளை எங்கே கழிப்பது? தெருதான்.

கூட்டத்தில் பழக்கமான ஒரு பெண் கைகாட்டிக் கூப்பிட்டாள். நான் அட்டையில் கால்வைக்கப் போனபோதுதான் அவள் சொன்னாள், செருப்பை வெளியே விடு என்று. நின்றுவிட்டேன். மேலத்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த என் அப்பா ஞாபகம். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இது எங்க வீடு, அதனாலதான்" என்றாள். பார்த்தால் எல்லா அட்டைகளின் ஓரத்திலும் சோடி சோடியாகச் செருப்புகள். கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

"ஆறு நாள் அவங்க சோபாவைத் துடைக்கிறேன். ஒருநாள்கூட உட்காரச் சொன்னதில்ல. இங்க யாரையும் கேக்காம உட்காருவேன்" என்றாள். எங்கம்மா பண்ணை வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளியவள். கூலிக்குத் திண்ணைக்குக் கீழே நிற்பாள். அவளிடமும் உட்காரு என்று ஒரு சொல் வந்ததில்லை.

கூட வந்த தோழர் ஒருவர் உருகிப்போனார். பாருங்க, பணக்கார வங்கி ஏழைகளுக்கு இடம் விட்டிருக்கு என்றார். எனக்கு அந்த 'விட்டிருக்கு' என்ற சொல் பிடிபடவில்லை. ஊர் திரும்பியபின் தேடிப் படித்தேன். கீழ்த்தளத்தைப் பொதுவழியாக விட்டதற்கு ஈடாக, மேலே கூடுதல் பரப்பு கட்டிக்கொள்ள வங்கிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. தானமில்லை, கொடுக்கல் வாங்கல். அதுவும் எதற்கு விட்டது? கடந்து போவதற்கு. சட்டப்படி அங்கே நடக்கலாம். உட்கார உரிமை கிடையாது.

2011 அக்டோபரில் இதே இடத்தில் வேறொரு கூட்டம் வந்து உட்கார்ந்தது. நிதிமூலதனத்துக்கு எதிராகக் கூடாரம் அடித்து, பதினொரு மாதம் எழுந்திருக்க மறுத்த கூட்டம். வங்கி நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கியது. 2012 செப்டம்பரில் வெளியேற்றினார்கள். அந்தப் பெண்களோ அதற்கு முன்பும் உட்கார்ந்தார்கள், பின்பும் உட்கார்கிறார்கள். ஒரே தரை, ஒரே சட்டம். பின் வித்தியாசம் எங்கே? இந்தப் பெண்கள் இரவு எழுந்து போய்விடுவார்கள். திங்கட்கிழமை காலை சோபாவைத் துடைப்பார்கள். எழுந்து போவார்கள் என்ற நம்பிக்கைக்குத்தான் அந்த இடம்.

ஏழாண்டு வாழ்ந்த மற்ற வெளிநாட்டவர் நிரந்தரக் குடியுரிமை கேட்க முடிகிற ஊர் அது. வீட்டுவேலைக்காரர்களுக்கு மட்டும் அது இல்லை என்று 2013ல் அங்கே உச்சபட்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எத்தனை வருசம் இருந்தாலும் கடந்து போகிறவர்கள்தான். வேலை ஒப்பந்தம் முடிந்தால் பொதுவாக இரண்டு வாரத்தில் ஊரைவிட்டுப் போகவேண்டும்.

அப்போ இந்த உட்கார்தல் வெறும் சலுகையா? அப்படிச் சொல்லி முடித்துவிட்டால் மகாத் இடிக்கிறது. பொதுக் குளங்களைத் தீண்டத்தகாதவர்களுக்கும் திறக்க 1923ல் பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது. 1924ல் மகாத் நகராட்சியும் போட்டது. காகிதத்தில் உரிமை இருந்தது, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் போய்க் குடித்தார்கள். அதே ஆண்டு நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அங்கே உரிமை இருந்து தண்ணீர் இல்லை. இங்கே உரிமை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எது பெரிசு என்று தராசில் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. சலுகை என்று நாம் எளிதாக ஒதுக்குவதற்குள் வேறொன்றும் வளரும் என்பது மட்டும் அன்று தெரிந்தது. முதலாளியம்மாவால் சித்திரவதைப்பட்ட இந்தோனேசியப் பெண் ஒருத்திக்காக 2014 ஜனவரியில் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்களே, அதைக் கேட்டேன். "இப்படி உட்கார்ந்து பேசித்தான் ஆள் சேர்த்தோம். வீட்டுக்குள்ள இருந்தா ஒருத்தியை ஒருத்திக்குத் தெரியாது" என்றாள்.

இருட்டியதும் அட்டைகளை மடித்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஒன்பது மணிக்குள் வீட்டில் இருக்கவேண்டும் என்று அவள் ஓடினாள். மறுநாள் காலை விமானத்துக்கு முன் இன்னொரு தடவை போனேன். தரை பளபளவென்றிருந்தது. கோட்டுப் போட்டவர்கள் வேகவேகமாகக் கடந்துகொண்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்த இடத்தைத் தேடினேன். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் என்று அடையாளம் வைத்துக்கொள்ள, உள்ளே ஒரு தூணும் இல்லை.