எல்லோரும் பார்த்த பையன்

1954 கோடையில் கிளைட் சூக்ஃபோர்த் ரிச்மண்ட் நகருக்குப் போனது ஜோ பிளாக் என்ற பிட்சரைப் பார்க்கத்தான். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணிக்காக ஆள் தேடிப் போயிருந்தார். 1945இல் ஜாக்கி ராபின்சன் என்ற ஆட்டக்காரரை ப்ரூக்ளின் அணிக்கு அழைத்து வந்தவரும் அவரே. ஆட்டம் தொடங்குமுன் பிளாக்கின் மாண்ட்ரியல் அணி பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. அவுட்ஃபீல்டிலிருந்து பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் பந்தை எறிந்தான். அந்தக் கையின் வலுவைக் கண்ட பிறகு சூக்ஃபோர்த்தால் அவனை விட்டுக் கண்ணெடுக்க முடியவில்லை. அவன் பெயர் ராபர்ட்டோ கிளெமெண்டே. நவம்பரில் பிட்ஸ்பர்க் அவனை 4,000 டாலருக்கு எடுத்துக்கொண்டது. பின்னாளில் 3,000 ஹிட் அடித்தவர் அவர்.

அந்தக் கையை சூக்ஃபோர்த் மட்டுமா பார்த்தார்? மாண்ட்ரியல் அணி தினமும் பார்த்தது. அதன் தாய் அணியான ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் 10,000 டாலர் முன்பணம் கொடுத்து அவனைச் சேர்த்திருந்தது. ஆனால் அவர்களிடம் நல்ல ஆட்டக்காரர்கள் நிறைந்து கிடந்தார்கள். பையன் பெஞ்சில் உட்கார்ந்தான். பிட்ஸ்பர்க்கோ அந்த ஆண்டு கடைசி இடம். தேவை இருந்தவன் கண்ணுக்கு அவன் பட்டான் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை.

சாட் பிராட்ஃபோர்டை எடுத்துக்கொள்வோம். 1996 தேர்வில் 13ஆம் சுற்றில் எடுக்கப்பட்ட பிட்சர். இடுப்பை மடித்துக் குனிந்து, விரல் முட்டி தரையை உரசும் அளவுக்குக் கையைத் தாழ்த்தி எறிவார். வேகமும் குறைவு. மேஜர் லீக்குக்கு அடுத்த படியான டிரிபிள் ஏ ஆட்டங்களில் நன்றாக எறிந்தும் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அவரை நம்பவில்லை. ஓக்லண்ட் அணி அவருடைய கணக்கைப் படித்தது: இலவசமாக பேஸுக்கு அனுப்புவது குறைவு, ஹோம் ரன் கொடுப்பதும் குறைவு. 2000 இறுதியில் அவரைப் பெற்றுக்கொண்டது. 2002இல் 75 ஆட்டங்களில் அவர் எறிந்தார். அந்தக் கணக்கு சிகாகோவின் கையிலும்தான் இருந்தது. அங்கே எறியும் விதத்தைப் பார்த்ததுமே தீர்ப்பு எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னும் உறுத்துவது ஜே.டி. மார்ட்டினெஸின் கதை. ஹூஸ்டன் 2013இல் 111 ஆட்டங்களில் தோற்ற அணி. அதைவிடத் தேவை உள்ள அணி வேறு எது? அந்தக் குளிர்காலத்தில் மார்ட்டினெஸ் தன் மட்டைவீச்சை அடியோடு மாற்றிக்கொண்டு வந்தார். மார்ச்சில் அவரை விடுவித்துவிட்டார்கள். டெட்ராய்ட் மைனர் லீக் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது; அதே ஆண்டில் 0.315 சராசரி, 23 ஹோம் ரன்.

ஆக, இல்லாமைகூடக் கண்ணைத் திறப்பதில்லை. ஒருவனைப் பற்றி முதலில் எழுதிய குறிப்பு நம்முடையது என்பதாலேயே அதைத் திருத்த மனம் வருவதில்லை. அதற்குப் பிறகு அவன் எத்தனை ஆட்டம் ஆடினாலும் நாம் பார்ப்பது அந்தக் குறிப்பைத்தான். வெளியிலிருந்து வருபவனுக்குக் காக்க வேண்டிய பழைய தீர்ப்பு கிடையாது. அதனால் எதிரே ஆடும் ஆளையே பார்க்கிறான். நெடுநாள் பழகியவர்களுக்கு மிகக் கடினமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளையை அயலான் கண்ணால் இன்னொருமுறை பார்ப்பது.

பார்க்கத் தவறுவதன் விலையைக் கொடுப்பவன் ஆட்டக்காரன். மேஜர் லீக் ஆடும் பட்டியலில் அணிக்கு 26 இடம். கீழே 120 மைனர் லீக் அணிகள். 2023 ஒப்பந்தம் வரும்வரை டிரிபிள் ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளமே 17,500 டாலர். அதன் பிறகுதான் 35,800. ஒரு பழைய குறிப்புக்காக இப்படி இளமை கரைவது அநியாயம்.

அதனால்தான் டிசம்பரில் நடக்கும் 'ரூல் 5' தேர்வு எனக்குப் பிடிக்கும். நான்கைந்து ஆண்டுகள் கீழேயே வைத்திருந்து, அணி பாதுகாத்து வைக்கும் 40 பேர் பட்டியலிலும் சேர்க்காத ஆளை வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த பருவம் முழுக்க மேஜர் லீக்கிலேயே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய அணிக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். 1999இல் ஹூஸ்டனிடமிருந்து இந்த வழியில் மின்னசோட்டாவுக்கு வந்து சேர்ந்தார் யோஹான் சாண்டானா. முதல் ஆண்டு அடி வாங்கினார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 6.49 ரன் கொடுத்தார். கீழே அனுப்பினால் கைவிட்டுப் போய்விடுவார். ஆகவே வைத்திருந்தார்கள், பந்தைக் கொடுத்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 2004இலும் 2006இலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்கு.