சாமி படமும் சேகரிப்பாளரின் அலமாரியும்

பழைய சாமி படத்தைக் குப்பைத்தொட்டியில் போட யாருக்கும் எளிதில் கை வராது. கண்ணாடி விரிசல் விட்டு, சட்டத்தைச் செல் அரித்த பிறகும் அதைக் கொண்டுபோய்க் கோயில் அரசமரத்தடியில் சாய்த்துவிட்டு வருவதுதான் வழக்கம். அதே படத்தின் இன்னொரு பிரதி, அதே லித்தோ கல்லிலிருந்து இறங்கியது, ஏதோவொரு பல்கலைக்கழக நூலகத்தில் எண்ணிடப்பட்டு உறைக்குள் இருக்கக்கூடும். ஸ்கேன் செய்யப்பட்டு எவர் கணினியிலும் தோன்றக்கூடும். தாளும் மையும் ஒன்றே. மரத்தடிப் படத்தை மிதிக்க அஞ்சுகிறவர்கள் திரையில் வரும் படத்தை விரலால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறார்கள். அப்படியானால் சேகரிப்பும் ஸ்கேனும் சாமியை வெறும் படமாக்கிவிடுகின்றனவா? இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அவை வேறொன்றைத் தொலைக்கின்றன; அதைப் பற்றி எவரும் அதிகம் கவலைப்படுவதில்லை.

அச்சுப் படங்களைத் திரட்டுவது ஐரோப்பாவில் அரசர்களும் பாதிரிமார்களும் வளர்த்த பழக்கம். மிஷேல் த மரோல் என்ற மடத்துத் தலைவர் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுகளை 1667-ல் பதினான்காம் லூயி வாங்கினார். பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் அச்சுப் பிரிவு அதிலிருந்து வளர்ந்தது. நம் பக்கம் தஞ்சை சரபோஜியும் (ஆட்சி 1798-1832) ஐரோப்பிய அச்சுகளையும் செடிகொடி, பறவை ஓவியங்களையும் சேர்த்தார். அவற்றில் பல இன்றும் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. அதே காலத்தில் தஞ்சை, திருச்சி ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்காகத் தெய்வ உருவங்களை ஆல்பம் ஆல்பமாக வரைந்து கொடுத்தார்கள். அவை வாங்கியவருக்குத் தகவல். எவரும் அவற்றின் முன் கற்பூரம் காட்டியதில்லை. ஓவியர் ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகுதான், பிறகு கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் சிவகாசி அச்சகங்களுக்காக வரைந்தபோதுதான், அச்சுத் தாள் பூஜையறைக்குள் பெருமளவில் நுழைந்தது. ரசனை மிக்கவர்கள் இவற்றை மதிக்கவில்லை. கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசாமி ரவி வர்மாவின் தெய்வங்களை நாடகத்தனமானவை என்று ஒதுக்கினார். அவர் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கோடிக்கணக்கானோர் கும்பிட்ட உருவங்கள் வெகுகாலம் எந்தக் காப்பகத்துக்குள்ளும் நுழையாமல் போனதற்கு அந்த ஏளனமும் ஒரு காரணம். கடைசியில் அவற்றை ஆயிரக்கணக்கில் சேர்த்தவர்களில் ஒருவர் எச். டேனியல் ஸ்மித். பாஞ்சராத்திரம் என்ற வைணவ ஆகமங்களை ஆராய்ந்து, 1969-ல் சென்னையிலேயே வைணவ விக்கிரக இலக்கணம் பற்றி நூல் வெளியிட்டவர். அந்தத் தொகுப்பு இப்போது அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

ஆகம மரபில் நிற்பவர் சாமி வெறும் படமாகிறதா என்ற கேள்வியே தேவையில்லை என்பார். பிரதிஷ்டை ஆகாத உருவத்தில் சாந்நித்தியம், அதாவது தெய்வத்தின் இருப்பு, இல்லை. சிற்ப நூல்களும் தீட்டிய உருவத்தைச் சித்திராபாசம் என்று முழுச் சிலைக்குக் கீழேதான் வைக்கின்றன. இல்லாதது எப்படித் தொலையும் என்று கேட்பார். தர்க்கம் சரி, நடைமுறை அப்படி இல்லை. சென்னை பெசன்ட் நகரில் அஷ்டலட்சுமி கோயில் 1976-ல் குடமுழுக்கு கண்டது. உள்ளே எட்டு லட்சுமிகளுக்கும் முறைப்படி பிரதிஷ்டை. வெளியே கடையில் வாங்கும் எட்டு லட்சுமி படத்துக்கு ஒரு மந்திரமும் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு பொட்டு வைக்கிறார்கள், அவ்வளவுதான். அன்று மாலையே அது விளக்கேற்றும் இடமாகிவிடுகிறது. இதை அறியாமை என்று தள்ள முடியாது. பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தம் கல், மரம், உலோகம் என்று எட்டு வகை உருவங்களைச் சொல்லும்போது எழுதிய உருவத்தையும் மனத்தில் அமைத்த உருவத்தையும் சேர்த்தே சொல்கிறது. அடியார் விரும்பும் உருவமே திருமாலின் உருவம் என்பது பொய்கையாழ்வாரின் துணிபு. கல்லே இல்லாமல் மனத்தில் பூசலார் கட்டிய கோயிலுக்காகக் காஞ்சியின் கற்கோயிலைக் காத்திருக்கச் சொன்னார் சிவன் என்கிறது பெரியபுராணம். இவற்றின்படி தெய்வத்தன்மை பொருளுக்குள் ஊற்றி வைத்த சரக்கல்ல. அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் இடையில் நிகழ்வது.

அது நிகழ்வது என்றால் அலமாரியில் அது நின்றுபோயிருக்கிறது, அழியவில்லை. கோயில் திருப்பணியின்போது மூலவரின் கலையை, அதாவது தெய்வ சக்தியை, கும்பத்துக்கு ஆகர்ஷணம் செய்து (ஈர்த்து) பாலாலயம் என்ற தற்காலிகக் கோயிலில் வைப்பார்கள். வேலை முடிந்ததும் திரும்ப எழுந்தருளச் செய்வார்கள். உருவம் விட்டு உருவம் மாறுவதற்கு மரபில் முறை இருக்கிறது, அதற்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது. ஸ்கேனர் யாரையும் எழுந்தருளச் சொல்வதில்லை. அது சாயலை மட்டும் எடுக்கிறது. ஆகவே அங்கே அவமதிப்பும் இல்லை, புனிதத்தைக் காத்த பெருமையும் இல்லை.

ஆகமக்காரரின் மறுப்பைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வைத்துக் காப்பதே நம் மரபுக்கு அந்நியம், விட்டுவிடுவதே வழக்கம் என்பது. களிமண் பிள்ளையார் கடலில் கரைகிறார், காலையில் போட்ட கோலம் மாலைக்குள் அழிகிறது, சாமி படம் மட்டும் ஏன் நிலைக்க வேண்டும்? கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் பழுதான ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டோம் என்று ஏடு தேடிச் சென்ற தமிழறிஞர் உ.வே.சாமிநாதையருக்கு அங்கே சொன்ன பதிலும் இந்த வகைதான். அந்தப் பதில் மூட்டிய ஆத்திரத்தோடு அவர் தேடித் தேடிச் சேர்த்த ஏடுகள், 1943-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய உ.வே.சா. நூலகமாக இன்று பெசன்ட் நகரில் இருக்கின்றன. பிள்ளையாரைக் கரைக்க முடிவது, குயவர் வீட்டில் அச்சு பத்திரமாக இருப்பதால். கோலம் அழியலாம், போடும் கை இருக்கிறது. லித்தோ கல்லோ ஒரு படம் முடிந்ததும் தேய்த்து அடுத்த படத்துக்குப் போய்விடும். ரவி வர்மா அச்சகமே 1972-ல் எரிந்துபோனது. கடைசித் தாளும் மரத்தடியில் மக்கிவிட்டால் அந்த உருவம் திரும்பி வர வழியே இல்லை. விட்டுவிடும் மரபு நிலைக்க, எங்கோ ஒரு பிரதி வைத்திருக்கப்பட வேண்டும்.

ஆனால் எனக்குக் குறையாகப் படுவது காப்பகம் எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பது. மரோல் காலத்திலிருந்தே சேகரிப்பாளரின் அளவுகோல் தெளிவான, கறைபடாத தாள்தான். அந்தக் கண்ணால் பார்த்தால் குங்குமம் சேதம், கற்பூரப் புகை சேதம், புடவைக்கு மேல் ஒட்டிய சரிகையும் ஜிகினாவும் அந்நியப் பொருள். விற்காமல் கிடந்த, கும்பிடப்படாத பிரதியே முதல் தரம் ஆகிறது. ஸ்கேன் இதை இன்னும் கூட்டுகிறது: தட்டையாக, முன்பக்கம் மட்டும், சட்டத்திலிருந்து கழற்றி. சரிகையின் மேடுபள்ளம் தெரிய வேண்டுமானால் பக்கவாட்டு ஒளியில் இன்னொரு முறை படமெடுக்க வேண்டும். சட்டக்காரர் முத்திரையும் வாங்கிய தேதியும் பின்பக்கத்தில்தான் இருக்கும். இது பெரிய செலவில்லை. பட்டியலில் ‘கறை’ என்று எழுதும் இடத்தில் ‘நெற்றியிலும் பாதத்திலும் குங்குமம், பல அடுக்குகள்’ என்று எழுதுவதற்குச் செலவே இல்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2020-ல் 19 லட்சம் படங்களை இணையத்தில் திறந்தது. அப்படித் திறந்த தொகுப்பிலிருந்து யாராவது ஒரு லட்சுமியை இறக்கி, தி. நகரில் அச்சிட்டு, சட்டம் போட்டுப் பொட்டு வைத்தால் அந்தப் புதுத் தாள் சாமி படம்தான். அதற்குக் காப்பகத்தின் அனுமதி வேண்டியதில்லை. பழைய தாளில் பொட்டு வைத்தவரைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் காப்பகம் வேண்டும்.