அசையாதவர்கள்

என்னிடம் பழைய யாஷிகா காமிரா ஒன்று இருக்கிறது. குனிந்து மேலிருந்து பார்த்து எடுக்கிற இரட்டைக்கண் காமிரா. ஒரு சுருளில் பன்னிரண்டே படம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கப் பழகிவிட்டேன். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், விடியுமுன் முக்காலியை ஊன்றி, ஷட்டரை ‘பி’யில் வைத்துக் கம்பி விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன். துவாரத்தை மிகவும் சிறுக்கினால் அந்த வெளிச்சத்துக்கு இரண்டு நிமிஷம் போதும் என்று மீட்டர் சொல்லும். ஆனால் நேரம் நீள நீள பிலிமின் கூர்மை மழுங்கும். நாலு நிமிஷமாவது கொடுத்தால்தான் கண்டதை அது ஒப்புக்கொள்ளும்.

வாகனம் ஓடாத வேளை அது. அந்த நாலு நிமிஷத்தில் ஊரே என் முன்னால் நடந்து போகும். கழுவிப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார். காந்தி சிலை, சுற்றிலும் நிற்கும் கல்தூண்கள், 1836-ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், இவை மட்டும் செதுக்கினாற்போல் நிற்கும். அலைகூடப் பனிப்புகையாகிவிடும். ஓரிடத்தில் தங்காதவரைப் பிலிம் வாங்கிக்கொள்வதில்லை.

அந்த விளக்கை ஏற்றி இரண்டு வருஷம் கழித்து, 1838-ல், பாரிஸில் லூயி தாகேர் ஒரு வீதியைப் படம் பிடித்தார். வண்டியும் ஜனமும் நிறைந்த வீதி. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொள்ள நின்ற ஒருவர் மட்டும் தெரிகிறார். மெருகு போட்டவன், அவர் காலடியில் ஒரு குலைந்த நிழல். நின்றவர் பதிந்தார், வேலை செய்தவன் கரைந்தான்.

இதை வெறும் ரசாயனம் என்றே நினைத்திருந்தேன். சாலை கூட்டும் அம்மாள் ஒருத்தி ஒருநாள், “போன வாரம் பிடிச்சீங்களே ஐயா, அதுல நான் இருக்கேனா?” என்று கேட்கும் வரையில். நாலு நிமிஷமும் அவள் என் கண்ணெதிரேதான் துடைப்பத்தை வீசிக்கொண்டிருந்தாள். படத்தில் இல்லை.

“இன்னைக்கு நாலு நிமிஷம் அசையாம நில்லுங்கம்மா, விழுந்துடுவீங்க” என்றேன்.

“நாலு நிமிஷம் சும்மா நின்னா மேஸ்திரி விடுவாரா?” என்று சிரித்துவிட்டுக் கூட்டப் போய்விட்டாள்.

அசையாமல் நிற்பது ஒரு வசதி என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அதே சாலையின் தென்கோடியில் டூப்ளே சிலையாக நிற்கிறார். அவர் கோட்டைக்குக் கல் சுமந்தவர்கள் எந்தப் படத்தில் நிற்கிறார்கள்? சரித்திரமும் ஷட்டரை வெகுநேரம் திறந்து வைத்திருக்கும் காமிராதான்.

வெயில் ஏறிய பிறகு வந்து, விநாடியில் நூற்றில் ஒரு பங்கில் எடுத்தால் அவளும் விழுவாளே என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் வெயில் ஏறுவதற்குள் அவள் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவாள்.

காமிரா பொய் சொல்லவில்லை. தனக்குக் கிடைத்ததைச் சொன்னது. பொய் சொன்னவன் நான். அந்தப் படத்துக்கு ‘அமைதி’ என்று பெயரிட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன். வேறொருத்தியின் உழைப்பு என் கண்ணுக்கு அமைதியாகப் பட்டிருக்கிறது.

பெயரை எடுத்துவிட்டேன், படம் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், “அடடா, ஈ காக்கை இல்லையே!” என்கிறார்கள்.

“ஒரு சருகும் இல்லை, பாருங்கள்” என்கிறேன்.