காசு கொடுத்தால் கணக்குத் தீருமா?



செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பெருவீதியில் கரடியனாறு இருக்கிறது. வயலுக்குப் போகிறவர்களும் தூரப் பயணம் செய்கிறவர்களும் கடந்து செல்லும் ஊர். இத்தகைய ஊர்களில் ஒரு குடும்பம் நடத்தும் சாப்பாட்டுக்கடை எப்படியிருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. தாய் விடியுமுன் எழுந்து பிட்டும் இடியப்பமும் அவிக்கிறாள். தகப்பன் பரிமாறிக் காசு வாங்குகிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கோப்பைகளைக் கழுவி அடுக்குகிறது. அங்கே நாம் உண்கிறோம், கேட்ட காசைக் கொடுக்கிறோம், கைகழுவி எழுந்து போகிறோம்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி. காசைக் கொடுத்தவுடன் அந்தக் குடும்பத்துக்கும் நமக்கும் உள்ள கணக்குத் தீர்ந்துவிடுகிறதா?

“வியாபாரம் வியாபாரம்தான், அதற்கு மேல் என்ன இருக்கிறது?” என்பீர்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. உரிய விலையை உரிய நேரத்தில் கொடுப்பது நீதி. கடைக்காரர் நம்மிடம் தயவை எதிர்பார்த்து நிற்பவரல்லர். எனினும், நீதி முழுவதும் அந்த விலைக்குள் அடங்கிவிடுமா?

நல்ல சமாரியன் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். குருவானவரும் லேவியரும் விலகிப் போனதைக் கேட்டு வருந்துகிறோம், சமாரியனைப் போற்றுகிறோம். ஆனால் அக்கதையில் வரும் சத்திரக்காரனை நினைப்பவர்கள் சிலரே. அவன் காசுக்குத் தொழில் செய்பவன். சமாரியன் அவனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தான். அது அக்காலத்தில் ஏறக்குறைய இரண்டு நாட்கூலி. மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போனான். முன்பின் அறியாத ஒருவனின் சொல்லை நம்பி, காயப்பட்டவனை வீட்டுக்குள் வைத்துப் பார்க்கும் பொறுப்பு சத்திரக்காரன் தலையில் விழுந்தது. இரக்கம் வழியிலே தொடங்கியது. அது தொடர்ந்தது காசு வாங்கும் ஒருவனின் கூரையின் கீழ். சமாரியனும் காசைக் கொடுத்ததோடு விலகிவிடவில்லை. “திரும்பி வருவேன்” என்று தன்னைக் கட்டிக்கொண்டான்.

ஆயித்தியமலைச் சதா சகாய மாதாவின் திருத்தலத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு இலவசமாகத் தாகந்தீர்க்கும் கைகளை வாழ்த்துகிறோம், வாழ்த்தவும் வேண்டும். ஆனால் அதே வீதியில் ஆண்டு முழுவதும் விலைக்குச் சோறு தரும் கையைத் தாழ்வாக எண்ணுவது சரியல்ல. விலை வாங்குவதனால் உபசரிப்பு உபசரிப்பல்லாமற் போய்விடாது.

இனி, உண்பவரின் பொறுப்பு எவ்வளவு தூரம் போகிறது என்பதைக் காட்ட, வாசகரே, உங்களை இத்தாலிக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1980களிலிருந்து நம் தமிழர் பலர் அங்கே குடியேறினர். வீட்டு வேலையும் உணவுக்கடைச் சமையலறை வேலையும் செய்து பிழைத்தவர்கள் அவர்களில் அநேகர். அந்நகரின் பாதுகாவலியான புனித ரொசாலியாவின் மலைக்குகைக் கோவிலுக்குக் கிறிஸ்தவரென்றும் சைவரென்றும் பாராமல் தமிழர் ஏறிச் செல்வதை அவ்வூரார் வியப்போடு பார்த்திருக்கின்றனர்.

அந்த நகரில், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவின் கோவிலுக்கு எதிரே, 1834ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஓர் உணவுக்கடை உண்டு. அக்கோவிலின் பெயராலேயே ‘அந்தீக்கா ஃபொகாச்சேரியா சான் பிரான்செஸ்கோ’ என்று அது அழைக்கப்படுகிறது. மாட்டு மண்ணீரலை அவித்துக் கொழுப்பில் வதக்கி ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பது அதன் பேர்பெற்ற உணவு. ஏழைகளின் வயிற்றை நிரப்பிய பண்டம் அது. பல தலைமுறையாக அக்கடை ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது.

சிசிலியில் மாபியாக் கூட்டத்தார் கடைகளிடம் கப்பம் வாங்குவது நெடுநாள் வழக்கம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பிட்சோ’. பறவையின் அலகைக் குறிக்கும் சொல் அது என்பர். எவன் கிண்ணத்திலும் அலகை நனைத்துக்கொள்ளும் பறவை! 2005ஆம் ஆண்டளவில் இக்கடையிடமும் கப்பம் கேட்டார்கள். கடையை நடத்திய வின்சென்சோ கொந்திசெல்லோ கொடுக்க மறுத்தார், காவல்துறையிடம் முறையிட்டார். 2007இல் நீதிமன்றத்தில் நின்று, கேட்டவனைக் கைநீட்டிக் காட்டினார். அதன் பின்னர் காவலர் புடைசூழவே அவர் நடமாட வேண்டியதாயிற்று. தன் கடையில் சோறு விற்பதற்கு ஒரு மனிதன் கொடுத்த விலை அது!

இவருக்கு முன்னரே, அதே நகரில் துணி உற்பத்தி செய்த லீபெரோ கிராசி என்பவர், கப்பம் தர மாட்டேன் என்று 1991இல் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். சக வியாபாரிகள் அவரோடு நிற்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1993இல் அதே நகரின் பங்குக்குரு பீனோ புலீசி, இளைஞரை அக்கூட்டத்தாரிடமிருந்து மீட்க உழைத்ததற்காகக் கொல்லப்பட்டார். 2013இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்ற மறைசாட்சியாக உயர்த்தியது.

2004இல் பலெர்மோவின் இளைஞர் சிலர், தாங்கள் ஓர் உணவுக்கடை திறந்தால் கப்பத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டுமே என்று எண்ணிப் பார்த்தார்கள். அந்த எண்ணத்திலிருந்து ஓர் இயக்கம் பிறந்தது: ‘அத்தியோபிட்சோ’, அதாவது கப்பத்துக்கு விடைகொடுத்தல். அவர்கள் கடைக்காரரைக் குற்றஞ்சாட்டுவதோடு நின்றுவிடவில்லை. வாங்குகிறவரையும் உண்கிறவரையும் பார்த்துக் கேட்டார்கள்: நீங்கள் கொடுக்கும் காசில் ஒரு பங்கு எங்கே போகிறதென்று உங்களுக்குத் தெரியாதா? கப்பம் கொடுக்க மறுத்த கடைகளிலேயே வாங்குவோம் என்று ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டனர். கிராசி தனியே நின்று மாண்டார். கொந்திசெல்லோவுக்கோ பக்கத்தில் நிற்க மக்கள் இருந்தார்கள்.

கப்பம் என்ற சொல்லை நம் கிழக்குக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 2009இல் முடிந்த போரின் காலத்தில் துவக்குப் பிடித்தவர்கள் கேட்டபோது, குடும்பத்தைக் காக்கக் கொடுத்த கடைக்காரர் பாவியா? அச்சமும் பலவந்தமும் ஒருவனின் பொறுப்பைக் குறைக்கும், சிலவேளை முற்றாக நீக்கியும் விடும் என்பது திருச்சபையின் போதனை. ஆகவே அவரைக் கல்லெறிய நமக்கு உரிமையில்லை. ஆனால் அவரைத் தனியே விட்டுவிட்ட அயலாரின் பொறுப்பு அதனால் குறைந்துவிடுமா? அச்சம் எப்போதும் தனித்து நிற்பவனையே தேடிப் பிடிக்கிறது.

துவக்கு இல்லாத கப்பமும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பதவியையோ உடுப்பையோ காட்டிச் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடாமல் எழுந்து போவது கப்பமே. கொப்பியில் எழுதச் சொல்லிச் சாப்பிட்டு, வேளாண்மை வெட்டினதும் தருவதாகச் சொல்லி, வெட்டிய பின்னர் கையிலிருக்கும் காசோடு அடுத்த கடைக்குப் போவதும் கப்பமே. கேட்க முடியாதவனிடம் எடுத்துக்கொள்வதுதானே இரண்டிலும் நடப்பது?

“கடைக்காரர் எல்லாரும் நீதிமான்களோ? பழைய எண்ணெயில் பொரிக்கிறவரும் அளவைக் குறைக்கிறவரும் இல்லையோ?” என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அவரிடம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அதுவும் அயலானுக்குச் செய்யும் கடமை. “ஏழைக்கு எங்கே மலிவோ அங்கேதானே சாப்பிடலாம்?” என்றும் கேட்கலாம். மெய்தான். சக்திக்கு மேற்பட்ட கடமையை ஆண்டவர் எவர்மீதும் சுமத்துவதில்லை. ஆனால் வாங்கிய கடனைத் தவணைக்குள் தீர்ப்பது, கோப்பை கழுவும் பிள்ளையை அதட்டாமலிருப்பது, கடைக்கு ஓர் இடுக்கண் வந்தால் அன்றைக்கும் வழக்கம்போல் போய் உட்காருவது ஆகியவை ஏழையாலும் முடியும்.

ஆண்டவர் தமது கடைசி இராப்போசனத்தை அருந்தியது பிறருடைய வீட்டு மேலறையில். அந்த அறையைக் கொடுத்தவரின் பெயரைச் சுவிசேஷகர்கள் எழுதி வைக்கவில்லை. ஆயினும் நற்கருணை பிறந்தது அவருடைய கூரையின் கீழேதான். ஞாயிறு தோறும் அந்த அப்பத்தில் பங்குபெறும் நாம், நமக்கு உணவிடும் குடும்பங்களைப் பெயரறியாதவர்களாக விட்டுவிடலாகாது. இன்றிரவு உணவுக்கு முன் வீட்டில் செபம் சொல்லும்போது, கொப்பியில் உங்கள் பெயருக்கு எதிரே தீராத தொகை ஏதேனும் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால், நாளைக் காலையிலேயே போய்க் கொடுத்துவிடுங்கள். கொடுத்த பின்னர் சற்று நேரம் உட்கார்ந்து, அவர்கள் எப்படியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.