நீரும் கடனும்

நியூயார்க் மாநகரத்தார் பருகும் நீரிற் பெரும்பகுதி கேட்ஸ்கில் மலை ஓடைகளிலிருந்து வடிகட்டப்படாமலே வருகின்றது. அவ்வோடைகளில் வாழும் டிரவுட் மீனுக்குக் குளிர்ந்த தெளிநீர் வேண்டும். கரைமரத்தை வெட்டினால் நீர் சூடேறும், மண் சரிந்தால் முட்டையிடும் கூழாங்கற்படுகை மூடுண்டுபோம். தூண்டிற்காரர் தம் இன்பம் கருதியே காட்டைக் காக்கச் சொல்கின்றனர். சொல்லட்டும், நன்மையே விளையும்.

ஆயின் இக்காவலின் பாரத்தைச் சுமப்பவர் யார்? மலையிலே மாடு வளர்க்கும் குடியானவரன்றோ! முன்னாளில் நகரம் சட்டத்தின் வலிமையால் மலைமக்களின் நிலத்தைக் கைப்பற்றி, ஊர்களையே நீர்த்தேக்கங்களில் மூழ்கடித்தது. 1997ஆம் ஆண்டு உடன்படிக்கையிலோ, விற்க இசைந்தாரிடமே நிலம் வாங்கவும், சாணம் ஓடையிற் கலவாதிருக்கப் பண்ணைகளுக்குப் பொருள் உதவவும் ஒப்பியது. வடிகட்டும் ஆலை கட்டுவதினும் இது மலிவென்பர். கணக்கு எதுவாயினுமாகுக, இதனை நகரத்தாரின் தருமமென்று கூறுதல் தகாது. பருகிய நீருக்குரிய கடனே அது. ஊர் இழந்தார்க்கோ அக்கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை.