இலவசக் கல்வியும் ஏழை வீட்டின் கணக்கும்

1945ஆம் ஆண்டு கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆயின், கட்டணமின்மை வேறு, செலவின்மை வேறு.

முல்லைத்தீவில் கூலித் தொழிலாளியின் மகளொருத்தி உயர்தரப் பரீட்சையில் சித்தியடைகிறாள் எனக் கொள்வோம். பொறியியல் படிக்க மொறட்டுவையை முதலில் எழுதுவதா, அண்மையிலுள்ள கிளிநொச்சி அறிவியல் நகரை எழுதுவதா? விடுதி, உணவு, பேருந்து என்று வீடு கணக்குப் பார்க்கிறது. அக்கணக்கில் எழுதப்படாத வரியொன்று உண்டு: ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் அக்காவின் சம்பளம். தங்கை படித்து முடிக்கும்வரை அவள் வாழ்வு காத்திருக்க வேண்டும்.

இதனைத் தியாகம் என்று போற்றுவர். சம்மதம் கேளாது பெற்ற தியாகம் அறமாகுமா? அதற்காகத் தங்கை படிப்பைக் கைவிட்டால் இருவருமே தோற்பர்.

பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீடு வன்னிப் பிள்ளைக்கு வாசலைத் திறக்கிறது. உள்ளே நான்கு ஆண்டு நிற்பதற்கான சோற்றை அது தருவதில்லை. மகாபொல உதவிப்பணமும் சுமையில் ஒரு பங்கையே தாங்குகிறது.

ஆசிரியராகிய நாம் 'எப்படியாவது படி' என்று சொல்லி அமைதல் தகாது. அந்த 'எப்படியாவது' யார் தோளில் ஏறுகிறது என்று கேட்க வேண்டும். அக்காவையும் அருகிருத்திக் கணக்குப் பார்ப்பது வீட்டின் கடமை. அச்சுமையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொள்வது சமுதாயத்தின் கடமை.