ஆதாரம் கேட்பது பொறுமையின்மை ஆகுமா?

கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் இலங்கையில் சுகாதார அறிவு போதாதவர்கள் என்று எப்போதும் சாதாரண மக்களையே சொன்னோம். 2020 டிசம்பரில், கொவிட்டைக் குணப்படுத்தும் என்று சொல்லப்பட்ட கேகாலைப் பாணி மருந்துக்குத் திரண்ட கூட்டம் அந்தப் பேச்சுக்கு வலுச் சேர்த்தது. ஆனால் கொவிட்டால் இறந்தவர்கள் அடக்கப்பட்ட ஓட்டமாவடி மஜ்மா நகர் மையவாடிக்குப் பின்னால் இருக்கும் வரலாறு அதற்கு நேர்மாறானது. கொவிட்டால் இறந்தவரைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்ற உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2020 மார்ச் வழிகாட்டலை எவரும் இணையத்தில் படிக்க முடிந்தது. உறவை இழந்த குடும்பங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றம்வரை போயின. டிசம்பர் 1ஆம் திகதி அவர்களின் மனுக்கள் தள்ளுபடியாயின. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று ஆதாரமின்றிச் சொல்லி, ஏப்ரல் வர்த்தமானியால் தகனத்தைக் கட்டாயமாக்கியது அரசுதான். உண்மை தெரிந்தும் கண்முன்னே உறவின் மையித்தைப் பறிகொடுத்தவனின் மனம் படும் பாடு, அறியாமையால் வரும் பயத்தைவிடக் கொடியது. அவனிடம் போய் 'ஸபர் செய்யுங்கள்', பொறுமையாக இருங்கள் என்றோம். ஆதாரம் கேட்பது ஸபருக்கு எதிரானதா என்பதே என் கேள்வி. இல்லை, அது ஈமானின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

உயிர் போனபின் உடல் மண்தானே, அது எப்படிப் போனால் என்ன என்று சிலர் கேட்டார்கள். குளிப்பாட்டுவது, கபனிடுவது, தொழுவது, அடக்குவது ஆகிய நான்கும் பர்ளு கிபாயா, சமூகத்தின் கூட்டுக் கடமை. ஒருவரும் நிறைவேற்றாவிட்டால் ஊரே குற்றவாளியாகும். ஆகவே அந்தக் குடும்பங்களின் துயரத்தில் பிரிவின் வலியோடு கடமை தவறிய குற்றவுணர்வும் சேர்ந்திருந்தது. விதியை ஏற்பதென்றால் அறிவைக் கைவிடுவது என்றும் பொருளல்ல. அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய ஷாம் (சிரியா) பகுதிக்குள் நுழையாமல் கலீபா உமர் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று தளபதி அபூ உபைதா கேட்டார். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போகிறேன் என்பதே உமர் சொன்னதன் சாரம்.

புதிய நோய், முன்னெச்சரிக்கை தவறா என்ற வாதம் கனமானது. முதல் சில வாரங்களுக்கு அதை நானும் ஏற்கிறேன். ஆனால் 2021 ஜனவரி தொடக்கத்திலேயே அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று இலங்கை மருத்துவச் சங்கம் சொல்லிவிட்டது. அதன் பிறகும் பெப்ரவரி 25வரை எரியூட்டல் தொடர்ந்தது. புதிய தகவல் வந்தபின்னும் மாறாததை முன்னெச்சரிக்கை என்று சொல்ல முடியாது.

ஆதாரம் கேட்கும் இதே அளவுகோல் நமக்கும் பொருந்தும். எரித்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் நோயை மறைத்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தடுப்பூசி பற்றிய வதந்திகளை ஆராயாமல் வட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள், செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் சூரா ஹுஜுராத்தை மறந்தவர்கள்.

2021 மார்ச் 5 முதல் ஓராண்டில் மஜ்மா நகரில் 3,600க்கும் மேற்பட்டோர் அடக்கப்பட்டனர். முஸ்லிம்களோடு இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அங்கே கிடக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அது போதாது. நிலத்தடி நீர் பற்றிய அந்தக் கூற்றை யார், எந்த ஆய்வை வைத்து முன்வைத்தார்கள் என்பதை அரசு எழுத்தில் தர வேண்டும். அதைக் கேட்டு வரும் தாயிடம் நம் உலமாக்கள் ஸபரை மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. அவளோடு சேர்ந்து கேட்க வேண்டும்.